சுவரிற் துளையிடப் பற்றரிக் கருவி: வாங்குவதற்கு முன்

1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுட் பல, 2009 இன் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, இருபது இருபத்தைந்து வருடங்கள் கழித்துத் தம் வளவுக்குள் கால் வைத்தன. அங்கே அவர்கள் கண்டது பெரும்பாலும் சுவர்களை மட்டுமே. கூரை இல்லை, நிலைகளும் யன்னல்களும் இல்லை, கிணற்றடித் துலாக்கால் இருந்த இடத்தில் வேப்பமரம் நின்றது. சில வளவுகளில் சுவரும் இல்லை. சிலர் வீட்டுத்திட்டப் பணத்தில் அத்திவாரத்திலிருந்து புதிதாகக் கட்டினார்கள். 2012 இல் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாகக் கிடைத்தது. வீட்டின் அளவு 550 சதுர அடி. அந்தப் பணம் கூரை வரை போதுமானதாக இருந்தாலே பெரிய காரியம். யன்னற் கம்பி, கேற், தண்ணீர்த் தாங்கி வைக்கும் சட்டம், கிணற்றடிக் குழாய், சமையலறைத் தட்டு, மின்விளக்குக்கான வயரிங் எல்லாம் பின்னர் கைக்காசில் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டன, இன்னும் செய்யப்படுகின்றன.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தேவை இருக்கிறது. கல்லிலோ கொங்கிறீற்றிலோ ஒரு துளை போட வேண்டும். முன்னர் இதற்கு உளியும் சுத்தியலும் பொறுமையும் போதுமாக இருந்தன. இப்போது கடைகளில் பற்றரியில் ஓடும் துளைகருவிகள் பல விலைகளில் கிடைக்கின்றன. "எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா?" என்று எம்மிடம் கேட்பவர்கள் பலர். ஒரு கருவிக்குக் கொடுக்கும் பணம் ஒரு போக வெங்காய விதைக்குரிய பணமாக இருக்கக்கூடும். ஆகையால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரே பெயர், இரண்டு கருவிகள்

கடையில் "ஹமர் ட்றில்" என்று கேட்டால் இரண்டு வேறுபட்ட கருவிகளில் எதையும் எடுத்துத் தருவார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் துப்பாக்கி போலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது வேறு.

முதலாவது, சாதாரண தட்டும் துளைகருவி. இதற்குள்ளே பல்லுள்ள இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. சிறு பிள்ளைகள் சைக்கிள் சில்லுக் கம்பியில் மட்டைத் துண்டைச் செருகி ஓடும்போது வரும் கறகற ஓசையை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் தட்டுக்கள் விழும். ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சிறியது. உங்கள் தோள் எவ்வளவு அமுக்குகிறதோ அவ்வளவுதான் அதன் பலம். பூச்சுச் சுவரில் ஆறு மில்லிமீற்றர் துளை போடலாம். தூணிலே வைத்தால் சத்தமும் சூடும் வருமே ஒழிய துளை இறங்காது.

இரண்டாவது, சுழல் சுத்தியல் என்று நாம் சொல்லக்கூடிய றோட்டரி ஹமர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு தண்டை அமுக்கிப் பாருங்கள். உள்ளே நெருக்கப்பட்ட காற்று தண்டைத் திருப்பித் தள்ளும். இந்தக் கருவிக்குள் அதே வேலை நடக்கிறது. மோட்டர் ஒரு முசலத்தை உருளைக்குள் முன்னும் பின்னும் ஓட்டுகிறது. முசலத்துக்கு முன்னே அடைபட்ட காற்று, அதற்கும் முன்னே உள்ள ஓர் இரும்புக் கட்டியை எறிகிறது. அந்தக் கட்டி துளையூசியின் பின்புறத்தில் மோதுகிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிகள்தான் விழும். ஆனால் ஒவ்வொன்றும் உண்மையான சுத்தியல் அடி. நீங்கள் பலமாக அமுக்கத் தேவையில்லை. ஊசி சுவரை விட்டு விலகாதபடி பிடித்தாற் போதும். பலம் குறைந்தவர்களும் பெண்களும் ஏணியில் நின்று வேலை செய்பவர்களும் இதை விரும்புவதற்கு இதுவே காரணம்.

இவ்வகைக் கருவி புதியதன்று. ஜேர்மனியில் பொஷ் நிறுவனம் 1932 இலேயே மின்சாரத்தில் ஓடும் சுழல் சுத்தியலை விற்பனைக்கு விட்டது. துளையூசியைப் பொருத்தும் எஸ்.டீ.எஸ். என்ற முறை 1975 இல் வந்தது. அந்த எழுத்துக்கள் செருகு, திருப்பு, பொருந்தியது என்ற கருத்துள்ள ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துக்கள். ஊசியின் பின்தண்டில் நான்கு தவாளிப்புக்கள் இருக்கும். அவற்றில் இரண்டு கருவி ஊசியைச் சுழற்றுவதற்கு. மற்ற இரண்டும் ஊசி விழாமல் தாங்கிக்கொண்டு, அதே வேளை முன்னும் பின்னும் அசைய விடுவதற்கு. வீட்டு வேலைக்கும் சிறு மேசன் வேலைக்கும் உரியது எஸ்.டீ.எஸ். பிளஸ், அதன் தண்டு பத்து மில்லிமீற்றர் தடிப்பு. எஸ்.டீ.எஸ். மக்ஸ் என்பதன் தண்டு பதினெட்டு மில்லிமீற்றர். அது கொங்கிறீற் உடைப்பவர்களுக்கு உரியது. ஒன்றின் ஊசி மற்றதற்குப் பொருந்தாது.

ஆகவே கடையில் பெயரைக் கேட்க வேண்டாம். வாயைப் பாருங்கள். மூன்று தாடைகளைத் திறவுகோலாலோ கையாலோ இறுக்கும் அமைப்பு என்றால் அது பெரும்பாலும் முதலாவது வகை. றப்பர் மூடியோடு, பின்னுக்கு இழுத்து ஊசியைச் செருகும் வாய் என்றால் இரண்டாவது வகை.

எங்கள் சுவர்களின் குணம்

கருவியைப் பற்றி எழுதும் விளம்பரங்கள் கொங்கிறீற்றை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. தீபகற்பத்தில் ஒரே வளவுக்குள் நாலு வகைச் சுவர் இருக்கக்கூடும்.

எமது நிலத்தின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, 1990 இல் மூடப்படும்வரை, இந்தக் கல்லையும் முருங்கனிலிருந்து கொண்டுவந்த களியையும் சேர்த்தே சீமெந்து செய்தது. அதற்காகக் கல் அகழ்ந்த கிடங்குகள் இன்றும் கிடக்கின்றன. பழைய வீடுகளில் இந்தக் கல்லையே பொளிந்து சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள். கல் மிகக் கடினமானது அல்ல. துளையூசி விரைவாக இறங்கும். ஆனால் அதற்குள் குழிகளும் பொந்துகளும் உண்டு. ஊசி திடீரென்று உள்ளே ஓடிவிடும். பிடித்திருப்பவர் சுவரோடு போய் மோதுவார். அதைவிட முக்கியமானது சாந்து. முப்பது வருட மழையில் கூரையில்லாமல் நின்ற சுவரில் சுண்ணாம்புச் சாந்து கரைந்து வெறும் மண்ணாகி இருக்கும். கல்லை ஒன்றாகப் பிடித்திருப்பது பாரம் மட்டுமே. அப்படியான சுவரில் சுத்தியல் அடியைக் கொடுப்பது சுவரை ஆட்டுவதாகும். அடியை நிறுத்தி, சுழற்சியில் மட்டும் துளையிட வேண்டும். அதற்கு முன் விரல் நகத்தால் சாந்தைச் சுரண்டிப் பாருங்கள். நகத்துக்கே உதிர்ந்தால் அந்தச் சுவரில் பாரமான எதையும் தொங்கவிடக் கூடாது. அந்தச் சுவரை வைத்துக் கூரை போடலாமா என்பதையே ஒரு மேசனோடு இருந்து பேச வேண்டும்.

சீமெந்துக் கல்லில் நல்லதும் கெட்டதும் உண்டு. சீமெந்தைக் குறைத்து, தண்ணீர் விட்டுப் பதப்படுத்தாமல் அரிந்த கல், அடி விழுந்ததும் துளையின் உட்பக்கம் பூவாக விரிந்து உடையும். வெளியே எட்டு மில்லிமீற்றர், உள்ளே முக்கால் அங்குலம். றோல் பிளக் அதில் எதைப் பிடித்து நிற்கும்? நடுவில் வெற்றிடமுள்ள கல்லிலும் இதே கதைதான். இவற்றில் அடியில்லாமல் துளையிட்டு, பாரமான பொருளென்றால் சுவரின் மறுபக்கம் வரை துளையை எடுத்து, பின்னால் ஒரு தகடு வைத்துப் போல்ற் போட்டு இறுக்குவதே நல்லது. பார்வைக்கு அழகில்லை, ஆனால் தாங்கும்.

தூண், லின்ரல், வளை ஆகிய கொங்கிறீற் வேலைகளுக்குத்தான் சுழல் சுத்தியல் உண்மையில் தேவைப்படுகிறது. இங்கே ஒரு கவனம். மயிலிட்டி, காங்கேசன்துறை, ஊரணி போன்ற கரையோரங்களில் உப்புக் காற்றில் நின்ற பழைய வளைகளின் கம்பி கறள் பிடித்து வீங்கி, கொங்கிறீற்றை வெடிக்கப் பண்ணியிருக்கும். கீழ்ப்பக்கத்தில் நீளவாட்டில் வெடிப்பு ஓடினால் அந்த வளையில் புதிய போல்ற் எதையும் இறக்க வேண்டாம். நல்ல கொங்கிறீற்றிலும், ஓரத்திலிருந்து அரைச்சாண் தள்ளியே துளை இருக்க வேண்டும். நெருங்கினால் ஓரம் கழன்றுவிடும்.

எவ்வளவு பலம் தேவை?

அடியின் பலத்தை யூல் என்ற அலகில் பெட்டியில் எழுதியிருப்பார்கள். பற்றரியில் ஓடும் எஸ்.டீ.எஸ். பிளஸ் கருவிகளில் சிறியவை ஒன்று, ஒன்றரை யூல். நடுத்தரமானவை இரண்டு முதல் இரண்டரை யூல் வரை. ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு மில்லிமீற்றர் துளைகளே வீட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு. அதற்கு இரண்டு யூல் தாராளம். பழைய அத்திவாரத்திலிருந்து புதிய தூணுக்குக் கம்பி எடுப்பவர்கள் பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பிக்குப் பதினாறு மில்லிமீற்றர் துளை போட்டு, தூரிகையாலும் காற்றாலும் தூசியை நீக்கி, இரசாயனப் பசையை நிரப்பிக் கம்பியை இறக்குவார்கள். அதுவும் இரண்டரை யூல் கருவியால் முடியும், மெதுவாகத்தான். தூசியை நீக்காமல் பசையை விட்டால் கம்பி தூசியில்தான் ஒட்டியிருக்கும். எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பெட்டியில் யூல் எழுதியிராத கருவியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

பற்றரிக் கணக்கு

1990 களில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு பற்றரி என்ற சொல்லே வேறு நினைவைத் தரும். ரோச் பற்றரியும் சீமெந்தும் தடைப் பட்டியலில் இருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டோம். இன்று கைக்கடக்கமான ஒரு பற்றரி தூணைத் துளைக்கிறது. ஆனால் கணக்கு மாறவில்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வெளியே வரும்.

வோல்ற்றையும் அம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 18 வோல்ற், 4 அம்பியர்-மணி என்றால் 72 வாற்று-மணி. 2 அம்பியர்-மணி என்றால் 36 தான். கருவி கொங்கிறீற்றில் முழுமூச்சாக வேலை செய்யும்போது ஏறக்குறைய 450 வாற்று எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 72 வாற்று-மணி ஒன்பது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து நிமிடம் என்றதும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எட்டு மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு அங்குலத் துளை ஒன்றுக்குப் பத்து விநாடி போதும். அப்படிப் பார்த்தால் ஒருமுறை ஏற்றிய பற்றரியில் ஐம்பதுக்கு மேற்பட்ட துளைகள். ஒரு வீட்டின் யன்னற் கம்பிகள் முழுவதையும் பொருத்தலாம்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. வயரிங் குழாய் பதிக்கச் சுவரில் நீளமாகத் தவாளிப்பு வெட்டுவதும், பழைய சீமெந்துத் தரையைக் கிளப்புவதும் பற்றரிக் கருவிக்குரிய வேலைகள் அல்ல. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பற்றரி மாற்ற எவரால் முடியும்? அப்படிப்பட்ட வேலையே அதிகம் செய்பவர் வயருள்ள கருவியையே வாங்க வேண்டும். அதே பலமுள்ள வயர்க் கருவி விலையிலும் மிகக் குறைவு. ஏனெனில் பற்றரிக் கருவியின் விலையில் பெரும்பங்கு பற்றரிக்கும் சார்ஜருக்கும் போகிறது. வீட்டில் மின்சாரம் வந்துவிட்டது, வேலை முழுவதும் வீட்டுக்குள்தான் என்றால், வயர்க் கருவியை வாங்கி மிச்சப் பணத்தில் நல்ல துளையூசிகளை வாங்குங்கள் என்றே நாம் சொல்லுவோம்.

பற்றரிக் கருவி தன் விலைக்குப் பெறுமதியாவது வேறு இடங்களில். மின்சாரம் இன்னும் எட்டாத மீள்குடியேற்ற வளவில், தோட்டக் கிணற்றடியில், மதிலோரக் கேற்றில், கூரை முகட்டில். கிணற்றுக்குள் இறங்கிக் குழாய்க்குக் கவ்வி பொருத்துபவருக்கு அது வசதி மட்டுமல்ல, உயிர்க்காப்பும்கூட. ஈரத்தில் நின்றுகொண்டு, ஒட்டுப்போட்ட நீள வயரில் 230 வோல்ற் கருவியைப் பிடிப்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். வீட்டில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று கூடப் பார்ப்பதில்லை.

மின்பிறப்பாக்கியில் சார்ஜ் செய்யலாம். வோல்ற் ஏறி இறங்கும் பழைய சிறு மின்பிறப்பாக்கி என்றால் சார்ஜர் எரியும். சூரியத் தகட்டிலிருந்தும் முடியும். 100 வாற்றுத் தகடு நல்ல வெயில் நாளொன்றில், இழப்புக்கள் போக, 300 வாற்று-மணி அளவில் தரும். 4 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றை ஏற்றச் சார்ஜரின் இழப்போடு 90 வாற்று-மணி போகும். எனவே நாளொன்றுக்கு மூன்று பற்றரி. மலிவான இன்வேட்டர்களின் மின்னலை ஒழுங்கற்றது. சில சார்ஜர்கள் அதில் கொதித்துப் பழுதாகும். சார்ஜர் பெட்டியிலுள்ள குறிப்பைப் படித்தோ விற்பவரிடம் கேட்டோ செய்யுங்கள்.

எண்களிலே நடக்கும் ஏமாற்று

நாம் ஒருமுறை ஏமாந்ததைச் சொல்வதில் வெட்கமில்லை. கருவிகளை இரவல் கொடுக்கும் முயற்சி ஒன்றுக்காக, விலை மலிவாக இருக்கிறதென்று, "88 வோல்ற்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த கருவி ஒன்றை வாங்கினோம். 18 வோல்ற்றை விட 88 நாலு மடங்குக்கு மேல் அல்லவா என்று எமக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டோம். மூன்றாவது வீட்டில் அது சுழன்றது, ஆனால் அடிக்கவில்லை. பற்றரியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஐந்து கலங்கள் மட்டும் இருந்தன.

இலிதியம் கலம் ஒன்று 3.6 வோல்ற். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழுதாக ஏற்றியவுடன் ஒவ்வொன்றும் நாலு வோல்ற்றுக்குச் சற்று மேல் காட்டும். அப்போது 21 வரை அளக்கலாம். ஆகவே 18, 20, 21 என்று எழுதியுள்ள மூன்றும் பெரும்பாலும் ஒரே அளவு பற்றரிதான். 48, 88, 128 என்று கைக்கடக்கமான பற்றரியில் எழுதியிருந்தால் அவை வெறும் எழுத்துக்கள். அத்தனை வோல்ற்றுக்கு முப்பத்தாறு கலம்வரை தேவை. அது கைக்கடக்கமாக இராது. பெயர்பெற்ற நிறுவனங்களின் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே போட்ட போலிப் பற்றரிகளும் உலாவுகின்றன. நிறுத்துப் பாருங்கள். 18 வோல்ற்றில் 4, 5 அம்பியர்-மணி கொண்ட நல்ல பற்றரி அரைக் கிலோவுக்குக் கூடுதலாகவே இருக்கும். கையில் காற்றுப்போல இருந்தால் கலங்கள் குறைவு.

வாங்கும்போது இன்னும் சில. கார்பன் தேயாத, பிரஷ் இல்லாத மோட்டர் உள்ளது சற்று விலை கூட. ஆனால் ஒரே பற்றரியில் கூடுதல் துளைகள் போடும், கார்பன் மாற்றும் செலவும் இல்லை. பக்கப்பிடி இல்லாத கருவி வேண்டாம். ஊசி உள்ளே கம்பியில் சிக்கினால் கருவி முழுவதும் உங்கள் கையைச் சுற்றித் திரும்பும், மணிக்கட்டு முறியலாம். சிக்கியவுடன் நழுவிவிடும் கிளச் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அடி மட்டும், சுழற்சி மட்டும், இரண்டும் சேர்ந்தது என்று மூன்று நிலை இருந்தால் எமது சுவர்களுக்கு ஏற்றது. திருத்துமிடம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா, கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டுமா என்பது உத்தரவாதச் சீட்டில் இல்லாத விடயம். அதை வாயால் கேட்டு அறியுங்கள்.

பழையது வாங்குபவர்கள் ஒரு கொங்கிறீற் துண்டைக் கையோடு கொண்டு போகலாம். சுவரில் வைத்து அமுக்கும்வரை இது அடிக்காது. அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அமுக்கிய பிறகும் சுழன்றுகொண்டே இருந்து அடிக்கவில்லையென்றால் உள்ளே முசலத்தின் றப்பர் வளையம் தேய்ந்து காற்று ஒழுகுகிறது. வளையம் மாற்றுவது பெரிய செலவில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம். வாயில் ஊசி கண்டபடி ஆடினாலோ, ஐந்து துளைக்குள் எரிந்த மணம் வந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

துளையூசி

கருவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ஊசியில் மிச்சம் பிடிப்பது எமது ஊர் வழக்கம். அடியைக் கல்லுக்குக் கொண்டுபோவது ஊசியின் நுனியிலுள்ள காபைட் துண்டுதான். அது கழன்றால் எந்தக் கருவியும் வெறும் சத்தம். வீட்டு வேலைக்கு 6, 8, 10, 12 போதும். கம்பி நெருங்கிய கொங்கிறீற்றில் நாலு வெட்டு முனையுள்ள ஊசி சிக்குவது குறைவு. செருகும் முன் தண்டில் சிறிது கிறீஸ் தடவுங்கள். ஊசியைத் தண்ணீரில் தோய்த்து ஆற்ற வேண்டாம், காபைட் வெடிக்கும்.

ஆபத்துக்கள்

வயர் இல்லாத கருவி மின்சாரம் தாக்காது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கருவியின் மின்சாரம் தாக்காதுதான். சுவருக்குள் ஓடும் வயரில் ஊசி பட்டால் அந்த மின்சாரம் ஊசி வழியே உங்களிடம் வரும். சுவிச்சுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள். முடிந்தால் பிரதான சுவிச்சை அணையுங்கள்.

கொங்கிறீற்றிலும் சீமெந்துக் கல்லிலும் உள்ள மணலும் கருங்கற் சல்லியும் தூளாகும்போது சிலிக்கா என்ற மிக நுண்ணிய தூசி எழும்புகிறது. அது நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாகிறது. வருடக்கணக்கில் சுவாசித்தால் வரும் சிலிக்கோசிசு நோய்க்கு மாற்று மருந்து இல்லை. சால்வையை மூக்கில் கட்டுவது இதைத் தடுக்காது. என்95 என்று எழுதிய முகமூடி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. தலைக்கு மேலே துளையிடும்போது கண்ணாடியும் வேண்டும். பிள்ளைகளை அறையிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

எமது பிரதேசத்துக்கே உரிய இன்னொன்று உண்டு. காணி விடுவிக்கப்பட்டது என்பதும் அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்பதும் ஒன்றல்ல. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் 2002 முதல் தீபகற்பத்தில் வெடிபொருட்களை அகற்றி வந்திருக்கின்றன. அப்படியிருந்தும் பழைய காவலரண், பதுங்குகுழி, மூடப்பட்ட கிணறு, இடிந்த சுவரடி ஆகியவற்றில் எதுவும் இருக்கலாம். காவலரணின் கொங்கிறீற்றை உடைத்துச் சல்லிக்குப் பாவிக்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் கிராம அலுவலரிடம் அந்த இடம் சுத்திகரிக்கப்பட்டதா என்று கேட்டு அறியுங்கள். அடி கொடுக்கும் கருவியை அங்கே கொண்டுபோவது அதன் பின்னர்தான். புரியாத இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு, வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

தனியாகவா, சேர்ந்தா?

ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் எத்தனை நாள் துளை போடும் வேலை இருக்கும்? எண்ணிப் பார்த்தால் பத்து நாள் வராது. அதற்காகத் தவணைக் கடனில் கருவி எடுப்பதை நாம் ஏற்க மாட்டோம். நுண்கடன் வடக்கில் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் கெடுத்தது என்பது எல்லோரும் அறிந்தது. மேசனோடு உதவிக்குப் போகும் இளைஞர், குழாய் பொருத்துபவர், கேற் வேலை செய்யும் ஒட்டுத் தொழிலாளி ஆகியோருக்குக் கருவி சம்பாதிக்கும், அவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்கு இரண்டு வழி உண்டு. நாள் வாடகைக்கு எடுக்கலாம். அல்லது கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ ஒன்றை வாங்கி வைத்து முறைக்குக் கொடுக்கலாம்.

பொதுக் கருவி விரைவில் பழுதாகும் என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஒழுங்கு இல்லாவிட்டால். நாம் கண்டவற்றில் நிலைத்த இடங்களில் சில ஒழுங்குகள் இருந்தன. கருவிக்குப் பொறுப்பானவர் ஒருவர் மட்டும். கருவி பொது, துளையூசி அவரவர் சொந்தம்; ஊசி முறிந்ததற்காக ஒருவரும் சண்டைக்குப் போவதில்லை. எடுத்துச் செல்பவர் கொப்பியில் கையெழுத்து வைத்து, ஒரு சிறு தொகை கட்டுவார். அது அடுத்த பற்றரிக்குச் சேரும். பற்றரி சில வருடங்களில் தேயும் என்பதை முதல்நாளே கணக்கில் எடுக்காத சங்கங்கள்தான் கருவியை அலுமாரியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று, கணவரை இழந்த அல்லது காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களிலுள்ள பெண்களுக்கு ஒரு பிற்பகல் வைத்துக் கருவியைப் பிடிக்கப் பழக்கிய இடத்தில், யன்னற் கம்பி பூட்ட ஆள் தேடி மூன்று வாரம் காத்திருக்கும் நிலை நின்றுபோனது. முதல் துளைக்குத்தான் பயம். இரண்டாவதை அவர்களே கேட்டு வாங்கிப் போட்டார்கள்.

வேலை முடிந்ததும் வாயைத் துணியால் துடைத்துத் தூசியை எடுங்கள். சூடான பற்றரியை உடனே சார்ஜில் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள். தகரக் கொட்டிலுக்குள்ளும் மோட்டார் சைக்கிள் இருக்கையின் கீழும் நண்பகலில் பற்றரியை வைக்காதீர்கள். வெப்பமே அதன் ஆயுளைத் தின்பது. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் முழுதாக ஏற்றியும் வேண்டாம், முழுதாக இறக்கியும் வேண்டாம். பாதி அளவில், கருவியிலிருந்து கழற்றி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். வீங்கியோ வெடித்தோ போன பற்றரியை அடுப்படிக் குப்பையோடு எரிக்க வேண்டாம். கருவி விற்ற கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் மணல் நிரப்பிய தகரப் பேணியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு, பிரதேச சபையில் விசாரியுங்கள்.